சான் அண்டோனியோவில் ஒரு செண்டுமல்லி ஃப்ளெக்ஸ்

பார்த்தீங்களா சார், சமயநல்லூர் தாண்டியதும் ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸ்? தாய்மாமன் மூஞ்சி கரண்டுக் கம்பத்துக்குப் பின்னால் போய்விட்டது, ஒரு காது மட்டும்தான் தெரிகிறது. காதுகுத்துதானே, காது போதும் என்று விட்டுவிட்டான் போல. அது என் கை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கை என்றால் தாய்மாமன் மீசையோடு, மைனர் செயினோடு, ரோட்டில் போகிற லாரிக்காரனைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்.

நான் பரஞ்சோதி. நிலக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ‘பரஞ்சோதி டிஜிட்டல்ஸ்’. நீங்க வத்தலக்குண்டா? நல்லது. எனக்கு அப்புறம்தான் உங்க ஸ்டாப். முழுசாகக் கேட்கலாம்.

என் ஃப்ளெக்ஸ் அமெரிக்காவில் தொங்கியது சார். சிரிக்காதீங்க. டெக்ஸாஸ் மாநிலம், சான் அண்டோனியோ. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா என்று நினைச்சிருப்பீங்க. அதெல்லாம் இல்லை. அத்தனை பேரும் மெக்சிகோ வம்சம். லத்தீனோ என்பார்கள். தென்பக்கத்து நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள், வீட்டுக்குள் ஸ்பானிஷ்தான் பேசுவார்கள். அவர்களுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் போட்டேன். ஒரே பகலில் ஊரே பார்த்தது. ஊர் மட்டுமா, எல்லைக்கு அந்தப் பக்கம் மான்டெர்ரே என்று ஒரு நகரம், அங்கேயும் பார்த்து அழுதார்கள். அழுதார்கள் என்றால்... வருகிறேன், வரிசையாக வருகிறேன்.

என் மகள் சுடர்க்கொடி அங்கேதான் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை. பேரனைப் பார்க்க நானும் வீட்டுக்காரியும் போயிருந்தோம். இவள் படித்தது மார்க்கெட்டிங். நான் செய்வதும் அதுதானே என்று சொன்னால் “அப்பா, ப்ளீஸ்” என்பாள். “வாயை மூடு” என்பதற்கு அதுதான் மரியாதையான சொல்.

அங்கே ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தாள். லத்தீனோக்களிடம் சரக்கு விற்கிற பிரிவு. அவர்கள் என்ன செய்வார்கள் என்றால், இங்கிலீஷ் விளம்பரத்தை அப்படியே ஸ்பானிஷில் மாற்றி, பல் தெரியச் சிரிக்கிற ஒரு குடும்பத்தின் படத்தைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். இவள் ஒருநாள் மீட்டிங்கில் எழுந்து, “இந்த ஜனங்க வீட்டுக்குள்ள நீங்க ஒருதடவையாவது போயிருக்கீங்களா?” என்று மேலாளரையே கேட்டுவிட்டாள். என் மகள் இல்லையா. கேட்டுவிட்டு வேலையையும் விட்டுவிட்டாள்.

விட்டுவிட்டு யாரோடு சேர்ந்தாள்? அடுத்த வீட்டு மாரிசெல். நான் மாரிசெல்வி என்றுதான் கூப்பிடுவேன், அவளும் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பெண் ரொம்ப நாளாக ஸ்பானிஷில் ஒரு வலைப்பூ எழுதிவந்தாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க என்ன காகிதம் வேண்டும், ஸ்பானிஷ் பேசுகிற பல் டாக்டர் எந்தத் தெருவில் இருக்கிறார், யார் வீட்டில் டமாலே சுடச்சுடக் கிடைக்கும். டமாலே என்றால் சோள மாவில் கறியை வைத்து மடித்து அவிப்பது, நம் இலைக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. சுடர் அவளிடம் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டாள், பதிலுக்கு அந்த வலைப்பூவுக்கு ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் குழு எல்லாம் கட்டிக்கொடுத்தாள். அந்த வட்டாரத்துத் தையல்காரி, ரொட்டிக் கடைக்காரர், முடி வெட்டுகிறவர், அம்மாக்கள் என்று ஒரு கூட்டமே அதில் சேர்ந்துவிட்டது.

இப்போது கவனியுங்க, இங்கேதான் முடிச்சு. அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை சர்ச் ஹாலில் ஒரு சந்தை நடத்துவதாக ஏற்பாடு. போனுக்குள் இருக்கிற கூட்டத்தை ஹாலுக்குள் கொண்டுவந்து காட்டணும். காட்டினால் ஒரு பெரிய பலசரக்குக் கடை அந்த ஃபேஸ்புக் பக்கத்துக்கு வருஷம் முழுக்க விளம்பரப் பணம் கொடுத்துத் துணை நிற்கும். ஹால் காலியாகக் கிடந்தால் அவர்கள் விலகிவிடுவார்கள். பக்கத்தை மூடிவிட்டு என் மகள் பழைய கம்பெனிக்கே திரும்பிப் போய், அந்த மேலாளருக்கே குட்மார்னிங் சொல்லி உட்காரணும். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளை கார் ஓட்டும்போது சொன்னார். அவள் என்னிடம் எதையும் சொல்ல மாட்டாள் சார். கூச்ச சுபாவம்.

சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அவள் வயசுக்கு வந்தபோது பஸ் ஸ்டாண்டில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தேன் பாருங்க. எந்த அப்பனும் அதற்கு முன்னால் மகளுக்கு அந்த அளவில் வைத்ததில்லை. பட்டுப்பாவாடை, ரெண்டு பக்கமும் மயில், தலையில் கிரீடம், ‘எங்கள் இல்லத்து இளவரசி’. ஸ்கூல் பஸ் அந்த வழியாகத்தான் போகும், கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் பார்க்கட்டும் என்றே இடம் பார்த்துக் கட்டினேன். ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. சந்தோஷத்தில் வாய் வரவில்லை. அப்புறம் ஒன்றே ஒன்று சொன்னாள்: “இனிமே என் மூஞ்சிய எதுலயும் போடாதீங்கப்பா.”

போடவில்லையே! கல்யாணத்துக்குக்கூட மாப்பிள்ளை மூஞ்சியை மட்டும் போட்டு, பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ வைத்தேன். “பொண்ணு யாருப்பா, பூக்காரியா?” என்று என் பங்காளியே கேட்டான். சொன்ன சொல் காப்பாற்றுகிறவன் சார் நான்.

சரி, சான் அண்டோனியோ. ரெண்டு பெண்களும் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்துவைத்து உட்கார்ந்திருப்பார்கள். லைக் ஆயிரக்கணக்கில் கொட்டும். வருகிறேன் என்று பேர் கொடுத்தவர்கள் ஒரு ஷேர் ஆட்டோவுக்குத் தேற மாட்டார்கள். சுடர் நகத்தைக் கடிப்பாள்.

“லைக் போட்டவன் எவனும் வரமாட்டான்மா” என்றேன். “மூஞ்சி போட்டாத்தான் வருவான். தன் மூஞ்சி சரியா விழுந்திருக்கான்னு பாக்க வருவான். பொண்டாட்டிக்குக் காட்ட அவளையும் கூட்டிட்டு வருவான். மச்சான் மூஞ்சி தன்னதைவிடப் பெருசான்னு அளந்து பாக்க மச்சானையும் இழுத்துட்டு வருவான்.”

“அப்பா, இது நிலக்கோட்டை இல்ல.”

“மூஞ்சி எல்லா ஊர்லயும் மூஞ்சிதானே?”

“அப்பா, ப்ளீஸ்.”

மாரிசெல்வி, பெரியவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். சுடர் பாதியை முழுங்கிப் பாதியைச் சொன்னாள். அந்தப் பெண் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். “டோன் பரன் சொல்றதுதான் நிஜம்! என் மாமியார் கல்யாண ஆல்பத்துல தான் எத்தனை போட்டோல இருக்கேன்னு எண்ணுற ஆளு!” என்றாள். டோன் என்றால் அங்கே பெரியவருக்குக் கொடுக்கிற மரியாதை, நம் சினிமா டான் இல்லை. எனக்கு ரெண்டுமே சம்மதம்.

கடைசியில் சுடர் இறங்கிவந்தாள். “சரிப்பா, ஒரு போஸ்டர் பண்ணுங்க. எங்கிட்ட காட்டாம எங்கயும் போடக்கூடாது. என் மூஞ்சி வரக்கூடாது.” ரெண்டு நிபந்தனை. ரெண்டாவதைக் கடைசிவரை காப்பாற்றினேன்.

நான் எடுத்தவுடன் கம்ப்யூட்டரில் உட்காருகிற ஆள் இல்லை. முதலில் ஊர் ருசி பார்க்கணும். நானும் வீட்டுக்காரியும் கடைத்தெருவுக்கு நடந்தோம். போனால், என்ன சொல்வேன், எங்கே பார்த்தாலும் செண்டுமல்லி! நிலக்கோட்டை மார்க்கெட்டில் விடிந்தால் மூட்டை மூட்டையாக வந்து இறங்குமே, அதே செண்டுமல்லி. வாசலில் செண்டுமல்லி, ஜன்னலில் செண்டுமல்லி. டோன் செஃபெரினோவின் ரொட்டிக் கடையில் ஒரு மேஜை போட்டு, ஒரு கிழவன் கிழவி போட்டோவை வைத்து, சுற்றிப் பூ, மெழுகுவர்த்தி, இனிப்பு ரொட்டி, ஒரு சோடா பாட்டில், மேலே கலர்க் காகிதத் தோரணம். யார் என்று சைகையில் கேட்டேன். நெஞ்சில் கை வைத்து, “பாப்பா, மாமா” என்றார். அப்பா, அம்மாவாம். என்ன மரியாதை பாருங்க!

வீட்டுக்காரி காதோரம் சொன்னாள்: “ஏங்க, செத்தவங்க மாதிரியில்ல இருக்கு?”

“செத்தவனுக்கு எவடி சோடா வைப்பா?”

“உங்கப்பாவுக்கு நாம சுருட்டு வைக்கல?”

“அது வேற.”

நீங்களே சொல்லுங்க. செத்தவர் என்றால் கறுப்புப் பார்டர் வேண்டாமா? ‘கண்ணீர் அஞ்சலி’ வேண்டாமா? தோற்றம், மறைவு வேண்டாமா? அங்கே கலர் கலராக, ரொட்டியும் சோடாவுமாக, பிறந்தநாள் மாதிரி இருந்தது. இந்த ஊரில் மரியாதை என்றால் இப்படித்தான் என்று முடிவு பண்ணிவிட்டேன். ஆராய்ச்சி முடிந்தது.

அப்புறம் உட்கார்ந்தேன். பேரன் எழுப்பினாலும் எழவில்லை. அந்தப் பக்கத்தில் சேர்ந்திருந்த குடும்பங்களின் போட்டோ எல்லாம் அதிலேயே கிடந்தது. ஒவ்வொரு மூஞ்சியையும் வெட்டி வட்டத்துக்குள் வைத்து, வட்டத்தைச் சுற்றிச் செண்டுமல்லி மாலை. வயசு வாரியாக அடுக்கினேன், வம்பு வரக்கூடாது இல்லையா. மேல் வரிசையில் மாரிசெல்வியின் மாமியார் டோன்யா எல்விரா (பெரியம்மாக்களுக்கு டோன்யா), பக்கத்தில் ரொட்டிக் கடைக்காரர். கீழே சின்னவர்கள். பின்னணிக்கு நீல வானம், வெள்ளை மேகம். மேகத்தைப் பிளந்துகொண்டு ஒளி. ரெண்டு ஓரமும் மெழுகுவர்த்தி. மூலைக்கு மூலை புறா. புறா இல்லாத வரவேற்பு ஃப்ளெக்ஸ் உண்டா? அடியில் சுடர் எழுதிக்கொடுத்த ஸ்பானிஷ் வாசகம், தங்க எழுத்தில்: ‘உங்களுக்காகக் காத்திருக்கிறோம்.’

உச்சியில், எல்லாருக்கும் மேலே, ஒரு பெரிய வட்டம். அதற்கு ரெண்டு சுற்றுச் செண்டுமல்லி. உள்ளே ஒன்றுமில்லை, காலி. ஏன் என்று கேட்காதீங்க, கை அப்படிப் போய்விட்டது. டிசைன் என்றால் மூச்சுவிட ஓர் இடம் வேண்டும்.

வாடிப்பட்டி வந்துவிட்டதா? இன்னும் இருக்கிறது, நீங்க உட்காருங்க.

சந்தைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலையில் ரெண்டு பெண்களும் ஹாலில் மேஜை அளக்கப் போயிருந்தார்கள். பதில் போட்டுப் பழகட்டும் என்று சுடர் ஒரு டேப்லெட்டை என்னிடம் விட்டிருந்தாள், அந்தப் பக்கம் அதில் திறந்தே கிடந்தது. காட்டிவிட்டுத்தான் போடணும் என்பது ஞாபகம் இருந்தது சார். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஃப்ளெக்ஸைக் கட்டிய பிறகுதான் காட்டுவோம். கட்டுவதற்கு முன்னால் காட்டினால் பெரியப்பாவைச் சேர், சித்தப்பாவைத் தூக்கு என்று விடிய விடிய நடக்கும். படத்தைப் பக்கத்தில் ஏற்றி, பட்டனை அமுக்கிவிட்டேன்.

அடேயப்பா! நான் காபியை வாயில் வைப்பதற்குள் கமெண்ட் கொட்ட ஆரம்பித்தது. அத்தனை பேரும் கை கூப்பி வணக்கம் வைத்தார்கள். விளக்கு விளக்காக ஏற்றினார்கள். அழுகிற மூஞ்சி வரிசை வரிசையாக.

“ஏங்க எல்லாரும் அழுவுறாங்க?” என்றாள் வீட்டுக்காரி.

“ஆனந்தக் கண்ணீர்டி.”

“இத்தனை பேருக்குமா?”

“அதுக்குத்தான் கைன்னு சொல்றது.”

எல்லாரும் ஒரே நாலு எழுத்தை எழுதியிருந்தார்கள். க்யூ, ஈ, பி, டி. வாழ்த்து போல என்று நினைத்தேன். வாழ்த்துக்கு வாழ்த்து திருப்பிச் செய்யணும் இல்லையா, மொய் மாதிரி. நான் ஒவ்வொருவர் பேரையும் போட்டு, அதே நாலு எழுத்தை அவரவருக்குத் திருப்பி அனுப்பினேன். ஒருத்தரையும் விடவில்லை. அந்தப் பலசரக்குக் கடையிலிருந்து மிஸஸ் ஆர்மெண்டாரிஸ் என்ற அம்மா ‘இது என்ன?’ என்று ஏதோ கேட்டிருந்தார். அவருக்கும் அனுப்பினேன். பெரிய இடம் என்பதால் கூடவே ஒரு புறாவையும் வைத்தேன்.

அந்த நாலு எழுத்துக்கு ‘ஆன்மா சாந்தி அடையட்டும்’ என்று அர்த்தம் என்பது அப்புறம்தான் தெரியும்.

மாரிசெல்விதான் முதலில் ஓடி வந்தாள். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால். என் ரெண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். “டோன் பரன்! என் மாமியாரைக் கொன்னுட்டீங்களே!”

“நான் அவங்க வீட்டுப் பக்கமே போகலம்மா” என்றேன்.

விஷயம் என்னவென்றால், அங்கே செத்தவர்களுக்கு ஒரு திருநாள் உண்டாம், நவம்பர் முதல் வாரத்தில். செத்தவர்கள் வீட்டுக்குத் திரும்பி வருவார்களாம். போட்டோ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பிடித்ததைப் படைத்து, வழி தெரிவதற்காகச் செண்டுமல்லியைப் பரப்பிவைப்பார்களாம். நம் மாளய அமாவாசைப் படையல்தான், கொஞ்சம் கலர் கூட. ஆக, நான் செய்தது என்ன? உயிரோடு இருக்கிற அத்தனை குடும்பத்தையும் மேகத்தில் ஏற்றி, செத்தவர்கள் பூவைச் சுற்றி, அடியில் ‘உங்களுக்காகக் காத்திருக்கிறோம்’ என்று எழுதிவிட்டேன். அதற்கும் மேலே அந்தக் காலி வட்டம். அதைப் பார்த்துத்தான் ஜனம் அரண்டுபோயிருக்கிறது. ‘அடுத்தது யார்?’ என்று கமெண்டில் பெரிய விவாதமே நடந்ததாம்.

பஸ் கவிழ்ந்ததா, ஹாலில் தீப்பிடித்ததா என்று வதந்தி. ரொட்டிக் கடையில் மலர்வளையத்தோடு க்யூ. டோன் செஃபெரினோ கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, தன் சாவுக்கு வந்தவர்களுக்குத் தானே ரொட்டி விற்றிருக்கிறார். டோன்யா எல்விரா முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மான்டெர்ரேயிலிருந்து அவர் தங்கை ஒஃபெலியாவின் போன். ரெண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சு கிடையாது. அம்மா விட்டுப்போன அம்மிக்கல்லை யார் வைத்துக்கொள்வது என்று சண்டை. ஆமாம் சார், அவர்களிடமும் அம்மி உண்டு.

“அக்கா செத்துட்டாளா?” என்று தங்கை ஒரே அழுகை.

“நான்தாண்டி பேசுறேன்” என்றிருக்கிறார் அக்கா.

“பொய் சொல்லாத. நீ யாரு?”

சுடர் வந்தாள். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. டேப்லெட்டை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தாள். நான் எழுதிய பதில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மிஸஸ் ஆர்மெண்டாரிஸ் இடத்தில் நின்றாள்.

“அப்பா. இவங்களுக்கும் போட்டீங்களா?”

“புறா வேற வச்சேன்மா.”

அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். “முடிஞ்சதுப்பா. எல்லாம் முடிஞ்சது. நான் திங்கட்கிழமை அந்த ஆளுக்கு போன் போட்டு வேலை கேக்கணும்” என்றாள். முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை ஃப்ளெக்ஸில் போட்டால் காக்காய்கூட உட்காராது.

பார்த்தால், அவள் சிரிக்கிறாள் சார். முதலில் எனக்கே சந்தேகம். “புறா” என்கிறாள், சிரிக்கிறாள். வீட்டுக்காரி ரொட்டிக் கடைச் சோடாவைச் சொல்லிக்கொடுக்க, “சோடா” என்கிறாள், சிரிக்கிறாள். மாரிசெல்விக்கும் தொற்றிக்கொண்டது. ரெண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். அப்புறம் என் மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “உன் மாமியாரக் கூப்பிடு. சாப்பிட்டுட்டே பேசச் சொல்லு, வீடியோ எடுப்போம்” என்றாள்.

டோன்யா எல்விரா கையில் கோழிக்கால். போனைப் பார்த்து, “நான் சாகல. என்னைச் சாகடிச்சது இந்தியாக்காரர் ஒருத்தர். நல்ல மனுஷன், ஆனா பூ தெரியாது. சனிக்கிழமை ஹாலுக்கு வந்து தொட்டுப் பாத்துக்குங்க” என்றார். பூ தெரியாதாம்! நிலக்கோட்டைக்காரனுக்கு! அந்தப் பூவே எங்கள் நாட்டிலிருந்துதான் உங்கள் நாட்டுக்கு வந்தது என்றும் ஒரு போடு போட்டார். பெரியவர் என்று விட்டுவிட்டேன்.

அந்த வீடியோவைப் போட்டார்கள் பாருங்க, அப்புறம் போஸ்டரில் இருந்த ஒவ்வொருவரும் தாங்களும் சாகவில்லை என்று வீடியோ போட ஆரம்பித்தார்கள். ஒருத்தர் குதித்துக் காட்டினார். ஒருத்தி தன் மாமியார் இறந்த சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை என்று மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னாள். முடி வெட்டுகிறவர், ‘பிணத்துக்குப் பாதி விலை’ என்று பலகை எழுதிவைத்தார். பகிர்ந்தார்கள் சார், பகிர்ந்தார்கள், சிகாகோ வரைக்கும் போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்தது பாருங்க, என் வாழ்நாள் பரிசு. ஒரு புகார் வந்தது. சுடர் வாய்விட்டுப் படித்தாள்: “நானும் உறுப்பினர்தான். செத்தவங்கள்ல என்னை ஏன் சேக்கல?” அடுத்தது: “என் அண்ணன் மூஞ்சி பெரிசு, என்னுது சின்னது. நான் என்ன சின்னச் சாவா?” மூன்றாவது, நாலாவது. சுடர் படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மூஞ்சி எல்லா ஊர்லயும் மூஞ்சிதாம்மா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இந்தமுறை “ப்ளீஸ்” வரவில்லை.

சனிக்கிழமை. அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து ஹாலில் கட்டினோம். கயிறு நான் கட்டினேன், அங்கே எவனுக்கும் முடிச்சுப் போடத் தெரியவில்லை. ஆரம்பிக்கிற நேரம் வந்தது. ஹால் காலி. மிஸஸ் ஆர்மெண்டாரிஸ் முன்வரிசையில் தனியாக. நான் பக்கத்தில் போய்க் கும்பிட்டதும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். சுடர் வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, காலையில பத்துன்னா எத்தனை மணிக்கு வருவாங்க?” என்றேன். “நம்மாளுங்க மாதிரிதானே?”

“அப்பா, பேசாதீங்க.”

முதலில் டோன் செஃபெரினோ வந்தார், தலையில் ரொட்டிக் கூடை. அவருக்குப் பின்னால் ஒரு வேன். அப்புறம் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குக் கார். வந்தார்கள் சார்! சாவு விசாரிக்க வாங்கிய டிக்கெட்டை வீணாக்குவானேன் என்று வெளியூர்ச் சொந்தங்கள் எல்லாம் வந்துவிட்டன. நேரே என் ஃப்ளெக்ஸுக்கு முன்னால். தன் மூஞ்சிக்கு அடியில் நின்று ஒரு போட்டோ. பொண்டாட்டியோடு ஒரு போட்டோ. மச்சான் மூஞ்சியை விரலால் அளந்து பார்த்தவனை என் ரெண்டு கண்ணால் பார்த்தேன். விட்டுப்போனவர்கள் பர்ஸிலிருந்து போட்டோவை எடுத்து மேகத்தில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டார்கள். மேகமே தெரியவில்லை. தையல்காரிகள் கொண்டுவந்த சரக்கு தீர்ந்தது, டமாலே தீர்ந்தது. மிஸஸ் ஆர்மெண்டாரிஸ் சுடர் கையைக் குலுக்கி வருஷ ஒப்பந்தத்துக்குச் சரி என்றார். குலுக்கின கையை விடாமல், கேட்டாரே ஒரு கேள்வி: “என் போட்டோவ எங்க ஒட்டுறது?”

நடுவில் ஒரு சத்தம். மான்டெர்ரே தங்கை ஒஃபெலியா. பஸ் பிடித்து வந்திருக்கிறார், கையில் அந்த அம்மிக்கல். வீடியோவை நம்பவில்லையாம், பழசாக இருக்கும் என்று நினைத்தாராம். அக்கா சமாதியில் வைத்து மன்னிப்புக் கேட்கலாம் என்று சுமந்துகொண்டு வந்தால், அக்கா ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருக்கிறார்.

“சாகலைன்னா இது எங்கிட்டயேதான் இருக்கும்” என்றார் தங்கை, கல்லை இறக்காமல்.

“முதல்ல கீழ வையிடி, கை ஒடஞ்சுரும்” என்றார் அக்கா.

வைக்கவில்லை. அக்காவும் விடவில்லை. கடைசியில் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அந்தக் கல்லைப் பிடித்தபடி நின்று அழுதார்கள், சிரித்தார்கள், திட்டிக்கொண்டார்கள். ஊரே போன் பிடித்தது.

நான் ஓரமாக நின்று ஒரு முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தேன். சுடர் வந்தாள். ஃப்ளெக்ஸை மேலிருந்து கீழே பார்த்தாள்.

“அப்பா.”

“என்னம்மா?”

“என் மூஞ்சி எங்க?”

கை நின்றுவிட்டது சார். “நீதானம்மா வேண்டாம்னே” என்றேன்.

அவள் உச்சியில் இருந்த அந்தக் காலி வட்டத்தைப் பார்த்தாள். “அது யாருக்கு?” என்றாள்.

ஏற்கனவே இறுகியிருந்த முடிச்சை இன்னும் இறுக்கினேன். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். எட்டவில்லை. டோன் செஃபெரினோவின் ரொட்டி மேஜையைத் தள்ளிக்கொண்டுவந்து, அதன்மேல் நாற்காலியைப் போட்டு ஏறி, அந்த வட்டத்துக்கு நேராகத் தலையை வைத்து, சபையைப் பார்த்துத் திரும்பினாள். சுற்றிச் செண்டுமல்லி. மாரிசெல்வி “டோன் பரன், நீங்களும் போங்க!” என்று என்னைத் தள்ளினாள். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், விழுந்துவிடக் கூடாது இல்லையா.

இதோ, போனில் இருக்கிறது, பாருங்க. இது சுடர். நடு வட்டம். அடியில் இது நான், பாதி மறைந்துவிட்டேன், காது மட்டும் தெரிகிறது. பரவாயில்லை. அவள் கண்ணைப் பெரிசாக்கிப் பாருங்க. தண்ணி தெரிகிறதா? ஆனந்தக் கண்ணீர் சார். இந்த விஷயத்தில் எல்லாம் எனக்குத் தப்பே வராது.

அடுத்த வருஷமும் வரச் சொல்லியிருக்கிறாள். டேப்லெட்டைத் தொடக் கூடாதாம், அது ஒன்றுதான். கூச்ச சுபாவம், நான்தான் சொன்னேனே.

நிலக்கோட்டை வந்துவிட்டது, இறங்குகிறேன். இந்தாங்க என் கார்டு, வச்சுக்குங்க. கொஞ்சம் இப்படித் திரும்புங்க... ஆ, அப்படியே. தப்பா நினைக்காதீங்க சார், உங்க மூஞ்சிக்கு மேகம் ரொம்ப நல்லா எடுக்கும்.